பார்க்கப் போன கோயில்

வெள்ளவத்தை,
கொழும்பு 6.
15.02.1995

அன்புள்ள அப்பா, அம்மா இருவருக்கும் அருந்ததி எழுதுவது.

நானும் தம்பியும் சுகம். அம்மாவுக்குத் தொய்வு இழுப்பு எப்படி? விடியப்புறப் பனிக்குள் முற்றம் கூட்ட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். வரதன் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் கொழும்பில் பிறந்தவன் மாதிரி ஓடுகிற பஸ்ஸில் ஏறுகிறான். கணக்கியல் வகுப்புக்கு ஒழுங்காகப் போகிறான். வீட்டுக்கார அன்ரிக்கு அவனைப் பிடித்துவிட்டது. எனக்குத் தராத தேங்காய்ப்பூ ரொட்டியை அவனுக்குக் கொடுக்கிறார்.

நேற்று ஒரு புதினம். கோபிக்காமல் வாசியுங்கள் அப்பா.

எங்கள் கந்தோரில் தட்டச்சு செய்யும் புளோறன்ஸ் அக்காவைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். வேதக்காரர். கொட்டாஞ்சேனையில் இருக்கிறார். செவ்வாய்க்கிழமை வந்தால் நாலு மணிக்கே மெஷினை மூடிவிட்டுக் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போய்விடுவார். அப்படி என்னதான் அங்கே இருக்கிறது என்று எனக்குப் பல நாளாக ஒரு ஆவல். "நானும் ஒருக்கா வந்து பாக்கட்டோ அக்கா?" என்று கேட்டேன். "வாவேன் பிள்ள, அந்தோனியார் ஆளப் பாத்தா உள்ள விடுறாரு?" என்றார்.

போனேன். அவர்களும் அதைக் கோயில் என்றுதான் சொல்கிறார்கள். வாசலில் செருப்பைக் கழற்றப் போனேன். தேவையில்லை என்றார் அக்கா. ஆனாலும் கால் கூசியது, கழற்றிவிட்டேன். உள்ளே போனால் சனம் என்றால் சனம். வெள்ளைச் சேலை கட்டிய சிங்களப் பெண்கள், முக்காடு போட்ட முஸ்லிம் அம்மா ஒருவர், எங்களைப் போல் பொட்டு வைத்தவர்கள். மல்லிகைப்பூ வாசம் நல்லூரில் வருகிற மாதிரியே வருகிறது. எல்லோரும் அந்தோனியார் சிலை இருக்கிற கண்ணாடிப் பெட்டியைத் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றுகிறார்கள். ஒருவரும் மணி அடிக்கவில்லை, தீபம் காட்டவில்லை, ஆனால் அழுகிறார்கள். பக்கத்தில் ஆள் நிற்கிறதே என்ற கூச்சம் இல்லாமல் அழுகிறார்கள்.

பூசை முடியும் நேரம் எல்லோரும் வரிசையில் போனார்கள். பிரசாதம்தானே என்று நானும் எழும்பி வரிசையில் நின்றேன். புளோறன்ஸ் அக்கா பின்னால் ஓடி வந்து என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். "ஐயோ, அது உங்களுக்கு இல்ல பிள்ள!" எனக்கு வெட்கத்தில் உயிர் போய்விட்டது.

ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். "என்ன கேட்ட?" என்றார். ஒன்றும் கேட்கவில்லை என்றேன். எனக்கு என்ன குறை? தம்பி பக்கத்தில் இருக்கிறான், சண்டையும் நின்றிருக்கிறது. பார்க்கத்தானே போனேன்.

அப்பா ஏசி எழுதினாலும் பரவாயில்லை, கெதியாக எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகள்
அருந்ததி


சிவமயம்

கொக்குவில்,
06.03.1995

அன்பு மகள் அருந்ததிக்குச் சுகமும் நீண்ட ஆயுளும் உண்டாவதாக.

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். அம்மாவுக்கு இழுப்பு முன்னையைவிடக் குறைவு. மருந்து நான் பார்த்துக் கொடுக்கிறேன். முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் மருந்து கலந்தவனுக்கு மனைவியின் தொய்வை நீ ஞாபகப்படுத்தத் தேவையில்லை.

கோயில் விஷயம். கோபம் இல்லை. ஆனால் ஆச்சரியம். நீர்கொழும்பில் வேலை செய்த காலத்தில் எனக்கு வேதக்காரச் சிநேகிதர்கள் இருந்தார்கள். திருநாளுக்குக் கூப்பிடுவார்கள். வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன், கோயில் வாசலை மிதித்ததில்லை. ஏன் என்று கேட்டால், நாங்கள் சைவக்காரர், அவ்வளவுதான். நீ போய்ப் பார்த்தாய். பார்த்தாயிற்று. வரிசையில் நின்ற கதையைச் சத்தமாக வாசித்தபோது அம்மா சிரித்துச் சிரித்து இருமல் வந்து, சுடுதண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

அம்மாவுக்குக் கண் மங்கல் என்பதால் அவருடைய கேள்வியை நான் எழுதுகிறேன். "அந்தோனியார் கையில ஒரு பிள்ளையை வைச்சிருக்கிறாராமே, படத்தில பாத்தனான். சாமியாருக்கு எங்கால பிள்ளை? ஆற்ற பிள்ளை அது?" விசாரித்து எழுதாவிட்டால் எனக்கு இங்கே நித்திரை இல்லை.

தம்பியை இரவில் திரிய விடாதே. கடவுள் துணை.

அப்பா
சி. சிவபாதசுந்தரம்


வெள்ளவத்தை,
29.03.1995

அன்பின் அப்பா, அம்மா,

உங்கள் கடிதம் வந்த அன்று வீடே கலகலப்பாக இருந்தது. நாங்கள் இருவரும் நல்ல சுகம்.

அம்மாவின் கேள்வியைப் புளோறன்ஸ் அக்காவிடம் கேட்டேன். அது யேசு பாலனாம். தாயிடமிருந்து கொஞ்ச நேரம் தூக்கி வைத்திருக்கிறாராம். "ஒங்க அம்மா நல்ல கேள்வி கேக்குறாங்க, எங்க பாதரே பதில் சொல்லத் தடுமாறுவாரு" என்றார்.

நேற்று வரதன் தானும் வரப்போவதாக அடம்பிடித்தான். கோயில் முழுக்கச் சுற்றி, இது என்ன, அது ஏன் என்று அக்காவைத் துளைத்து எடுத்துவிட்டான். "தம்பி, நீ சாமியாராப் போகப் போறியா?" என்று கேட்டுவிட்டார். பிறகு அவர் வீட்டில் தேத்தண்ணீர். மீன் கட்லட் வைத்தார். தம்பி வெட்கப்படாமல் சாப்பிட்டான். திரும்பி வரும்போது துறைமுகத்துப் பக்கம் நின்று பாரந்தூக்கிகளைப் பார்த்துக்கொண்டே நின்றான். படிப்பு முடிந்ததும் கப்பல் கொம்பனியில் வேலை எடுக்கப் போகிறானாம். அம்மாவைக் கப்பலில் ஏற்றுவானாம்.

கீழே இடம் விடச் சொல்லிக் கத்துகிறான்.

அன்பு மகள்
அருந்ததி

அம்மா, அக்கா அவிக்கிற புட்டு கல்லு. எறிஞ்சால் ஆள் சாகும். நீங்கள் வந்து இருந்தால்தான் நான் தப்புவேன். — வரதன்


சிவமயம்

கொக்குவில்,
21.05.1995

அன்பு மகளுக்கு,

இறைவன் அருளால் இன்றுவரை நாங்கள் சுகம். இப்படித்தான் இப்போது எழுத வேண்டியிருக்கிறது.

சண்டை மறுபடி தொடங்கியதை நீ அறிவாய். தபால் எப்போது போகும், வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. இதைக் கிளாலிக் கடல் கடந்து கொழும்புக்கு வருகிற ஒருவரிடம் கொடுக்கிறேன். இரவில் குண்டுச் சத்தம். அம்மா பங்கருக்குள் இறங்க மறுக்கிறார். மண் மணம் இழுப்பைக் கொண்டு வருகிறதாம். "செத்தாலும் காத்தோட்டமாச் சாகிறன்" என்கிறார். முடிந்தால் தொய்வு மாத்திரை அனுப்பு. இங்கே கடைகளில் இல்லை.

வரதனைப் பற்றித்தான் பயம். யாழ்ப்பாணத்து அடையாள அட்டையோடு அங்கே இருக்கிறான். பொலிஸ் பதிவைச் சரியாக வைத்துக்கொள். வகுப்பு முடிந்தால் நேரே வீட்டுக்கு வரச் சொல். அவன் எழுதிய புட்டுக் கதையை அம்மா தலையணைக்குள் வைத்திருக்கிறார். வாசிக்க முடியாத கண்ணுக்கு அதைத் தடவிப் பார்ப்பதே போதும் போலிருக்கிறது.

அப்பா


வெள்ளவத்தை,
12.07.1995

அன்பின் அப்பா, அம்மாவுக்கு,

உங்கள் சுகத்துக்காகத் தினமும் மன்றாடுகிறேன். நாங்கள் சுகம்.

மாத்திரை கொஞ்சம் வாங்கி, ஊருக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்திருக்கிறேன். கிடைத்ததும் எழுதுங்கள்.

தம்பி படிப்பில் மூழ்கியிருக்கிறான். சோதினை வருகிறது. அதனால் இந்த முறை அவன் எழுதவில்லை. சாப்பாடு ஒழுங்காகச் சாப்பிடுகிறான். அம்மா யோசிக்க வேண்டாம்.

நேற்றுச் செவ்வாய்க்கிழமை என்பதால் சும்மா அந்தோனியார் பக்கம் போனேன். போன கிழமையும் போனேன். புளோறன்ஸ் அக்கா கூப்பிட்டார், அதனால்தான். வேடிக்கை பார்க்க நல்ல இடம்.

கந்தோரில் வேலை அதிகம். இவ்வளவுதான் எழுத நேரம்.

அருந்ததி


சிவமயம்

கொக்குவில்,
18.08.1995

அன்பு மகள் அருந்ததிக்கு,

சுகம். உன் சுகத்தை எழுது. உன்னுடையதை, உண்மையாக.

மாத்திரை வந்தது. அம்மா ஒரு கிழமையாக நிமிர்ந்து படுக்கிறார்.

உன் கடிதத்தைப் பல தடவை வாசித்தேன். பார்க்கப் போகிறவர் ஒரு தரம் போவார். கூட யாராவது வந்தால் இரண்டாம் தரம் போவார். செவ்வாய் தவறாமல் போகிறவர் வேடிக்கை பார்க்கப் போகிறவர் இல்லை. உனக்கு என்ன தேவை வந்தது? எங்கள் சுவாமிகளிடம் கேட்க முடியாத தேவையா? கலியாணக் காரியமென்றால் எழுது. ஆள் வேதக்காரன் என்றாலும் எழுது. நான் கத்துவேன், பிறகு அடங்குவேன். உனக்குத் தெரியும்.

அம்மா கேட்பது வேறு. "பெடியன்ர கையெழுத்தில ரெண்டு வரி போதும்" என்கிறார். சோதினை எழுதுகிற கைக்கு இரண்டு வரி எழுத ஏலாதா?

அப்பா


வெள்ளவத்தை,
24.09.1995

அன்பின் அப்பா,

பதில் எழுதப் பிந்தியதற்கு மன்னியுங்கள். சுகமாக இருக்கிறோம்.

கலியாணம் ஒன்றும் இல்லை அப்பா. அப்படி இருந்தால் எவ்வளவு நல்லது.

தம்பி வெள்ளவத்தைக் கடற்கரையில் பெடியங்களோடு பந்து விளையாடி வலது கையை முறித்துக்கொண்டான். கட்டுப் போட்டிருக்கிறது. அதுதான் எழுத முடியவில்லை. அம்மாவுக்கு இதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் முதலில் எழுதவில்லை. இப்போது நோவு குறைந்துவிட்டது. பாமன்கடையில் ஒரு வைத்தியரிடம் காட்டுகிறோம். நேற்று அவன் கேட்டதற்காகக் கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு வைத்தேன்.

மாத்திரை மறுபடி அனுப்புகிறேன். அம்மாவைக் கவனமாகப் பாருங்கள். எனக்காகப் பாருங்கள்.

அருந்ததி


சிவமயம்

கொடிகாமத்துக்கு அப்பால்,
02.12.1995

அன்பு மகளுக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்பதை அறிவிக்கவே இதை எழுதுகிறேன்.

ஒக்டோபர் கடைசியில், ஆமி வருகிறது என்று, வலிகாமத்துச் சனமே எழும்பி நடந்தது. நாங்களும் நடந்தோம். மழை. செம்மணி வெளியில் ஓரடி எடுத்து வைக்க ஒரு மணித்தியாலம் நின்றோம். சைக்கிளில் அம்மாவை இருத்தித் தள்ளினேன். வீட்டைப் பூட்டினேனா இல்லையா என்று இன்றும் ஞாபகம் இல்லை.

இப்போது இருப்பது ஒரு மாதா கோயில் வளவில். நீ சிரிப்பாய். பள்ளிக்கூடங்கள் நிறைந்துவிட்டன. இங்கேதான் இடம் இருந்தது. இந்த ஊர்ச் சனம் கஞ்சி காய்ச்சித் தருகிறது. நீ என்ன சாதி, என்ன சமயம் என்று கேட்கவில்லை. குருவானவர் இளம் ஆள். தன் அறையைப் பிள்ளைத்தாய்ச்சிகளுக்குக் கொடுத்துவிட்டு வெளியே மரத்தின் கீழ் படுக்கிறார். காலையில் அவர்கள் பாட, நான் வெளியே இருந்து தேவாரம் சொல்லிக்கொள்கிறேன். ஒருவருக்கொருவர் இடைஞ்சல் இல்லை.

நீ அனுப்பிய இரண்டாவது மாத்திரைப் பொதி நேற்று வந்து சேர்ந்தது. எப்படி என்னைத் தேடிக் கண்டுபிடித்தார்களோ தெரியாது. மிகவும் உபயோகம்.

அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். கந்தோருக்குச் சாப்பிடாமல் போகாதே என்றார்.

அப்பா


வெள்ளவத்தை,
17.01.1996

அன்பின் அப்பாவுக்கு மட்டும்,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். முதலில் தனியே இருந்து வாசியுங்கள்.

தம்பி என்னோடு இல்லை. ஜூன் மாதம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சிவில் உடுப்பில் ஆட்கள் வந்தார்கள். சிங்களத்தில் கேட்டார்கள், அவன் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் பதில் சொன்னான். "விசாரிச்சிட்டு விடுறம் நங்கி" என்று, தங்கச்சி என்பதை மட்டும் சிங்களத்தில் வைத்து, ஒருவன் என்னிடம் தமிழில் சொன்னான். கை கழுவக்கூட விடவில்லை. மறுநாள் பொலிசில் கேட்டால் அப்படி ஒருவரும் இல்லை என்றார்கள். எந்த இடத்திலும் இல்லை என்றார்கள். புளோறன்ஸ் அக்கா லீவு போட்டு என்னோடு அலைந்தார். சிங்களத்தில் கெஞ்சினார், சண்டை பிடித்தார். ஒரு இடத்தில் அவருடைய கழுத்துச் சிலுவையைப் பார்த்துவிட்டு, "நீங்கள் ஏன் இவர்களோடு?" என்று கேட்டார்கள். "என் தம்பி" என்றார்.

கை முறிந்ததும், சோதினையும், கத்தரிக்காய்க் குழம்பும் பொய். அவன் இல்லாத வீட்டில் அவனுக்காக என்ன சமைத்தேன் என்று யோசித்து யோசித்து எழுதினேன் அப்பா. எழுதும்போது கொஞ்ச நேரம் அவன் அறையில் இருக்கிற மாதிரி இருந்தது.

அம்மாவுக்குத் தெரிந்தால் இழுப்பு வந்துவிடும் என்ற பயம்தான். நீங்கள் ஓகஸ்டில் கேட்டபோது கை முறிந்த கதையைக் கட்டினேன். பிறகு நீங்கள் கேட்கவே இல்லை. ஏன் கேட்கவில்லை என்று அதற்கும் பயந்தேன்.

செவ்வாய்க்கிழமைகளில் போய் அங்கே நின்றேன். எனக்கு அவர்கள் செபம் தெரியாது. கொழும்பில் வேறு எங்கே நின்று அழுதாலும் யாராவது பார்த்துக் காரணம் கேட்பார்கள். அங்கே கேட்க மாட்டார்கள்.

மார்கழியில் செஞ்சிலுவைச் சங்கத்தார் அவன் பெயர் ஒரு சிறையில் இருப்பதாகச் சொன்னார்கள். இடத்தை எழுதவில்லை, இந்தக் கடிதம் எத்தனை கைகள் மாறுமோ. போன கிழமை பார்த்தேன். கம்பி வலைக்கு அப்பால் நின்றான். மெலிந்திருக்கிறான். இடது காது சரியாகக் கேட்காதாம். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. வழக்குப் போடவில்லை. வழக்கறிஞர் பொறுத்திருக்கச் சொல்கிறார். ஆனால் உயிரோடு இருக்கிறான் அப்பா. சிரித்தான்.

முதல் கேள்வியே, "அம்மாவுக்குச் சொன்னனீங்களோ?" இல்லை என்றேன். "நல்லது, சொல்லாதேங்கோ. நான் வெளியில வந்து நானே சொல்லுறன்" என்றான்.

நீங்கள் பார்த்து முடிவு செய்யுங்கள். சொல்வதென்றால் மெல்லச் சொல்லுங்கள். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

அருந்ததி


சிவமயம்

கொடிகாமத்துக்கு அப்பால்,
19.02.1996

என் பிள்ளைக்கு,

உன் கடிதத்தை மாதா கோயில் கிணற்றடியில் இருந்து வாசித்தேன். பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்ற வரியில் நின்றுவிட்டேன். அதற்குக் கீழே போக வெகுநேரம் பிடித்தது.

மெல்லச் சொல்ல எனக்கு இங்கே ஆள் இல்லை அருந்ததி.

அம்மா நவம்பர் மாதமே போய்விட்டார். மழையில் நனைந்தது நெஞ்சில் இறங்கிவிட்டது. இங்கே வந்து ஒரு கிழமைகூட இருக்கவில்லை. என்ன மருந்து வேண்டும் என்று எனக்குத் தெரியும். எவ்வளவு கொடுக்க வேண்டும் என்றும் தெரியும். மருந்துதான் இல்லை. நீ அனுப்பிய பொதி அதற்குப் பிறகு வந்தது. பக்கத்தில் இழுப்போடு கிடந்த ஒரு பெண்ணுக்குக் கொடுத்தேன். அவள் பிழைத்துக்கொண்டாள். கந்தோருக்குச் சாப்பிடாமல் போகாதே என்று போன கடிதத்தில் எழுதியது நான். அம்மா இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார்.

நான் ஏன் தம்பியைப் பற்றிக் கேட்பதை நிறுத்தினேன் என்று பயந்ததாக எழுதியிருக்கிறாய். அம்மாதான் நிறுத்தச் சொன்னார். கை முறிந்த கதையை நான் வாசித்ததும் கடிதத்தை வாங்கித் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அவனுக்கு என்னவோ நடந்திட்டுது. கை முறிஞ்சிருந்தா இடக்கையால எண்டாலும் எனக்கு ஒரு கோடு கீறி அனுப்பியிருப்பான். நீங்கள் கேட்டுக் கேட்டு அவளைக் கொல்லாதேங்கோ. தனியக் கிடந்து சுமக்கிறாள்." அதனால் கேட்கவில்லை. நாங்கள் இருவரும் உன் பொய்யை நம்புகிறவர்கள் மாதிரி இருந்தோம்.

இன்னொன்றும் எழுத வேண்டும். இங்கே வந்த மூன்றாம் நாள், மூச்சு விடவே கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தவர், உள்ளே கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். எங்கே என்றேன். "கோயிலுக்குள்ள. பிள்ளை கிழமைக்குக் கிழமை போறாளே, என்னத்தைப் பாக்கிறாள் எண்டு நானும் ஒருக்காப் பாப்பம்." அது வேறு கோயில், இது மாதா, அந்தோனியார் இல்லை என்றேன். "பிள்ளையைக் கையில வைச்சிருக்கிற பொம்பிளைதானே? அவவுக்கு விளங்கும்" என்றார்.

இரண்டு பெண்கள் தாங்கிக்கொண்டு போனார்கள். நான் வாசற்படி வரை போனேன். அதற்கு மேல் கால் எழவில்லை. அங்கிருந்து பார்த்தேன். அம்மா திருநீற்று நெற்றியோடு நிலத்தில் இருந்தார். கும்பிடவில்லை, கை எடுக்கவில்லை. யாரோ உறவுக்காரப் பெண்ணோடு கதைக்கிற மாதிரி வாய் அசைந்தது. என்ன கேட்டார் என்று வெளியே வந்ததும் கேட்டேன். "உங்களுக்கு என்னத்துக்கு? அது தாய்மாற்ற கதை" என்றார்.

மறுநாள் பின்னேரம் போனார்.

குருக்களைத் தேடினேன், அவரும் எங்கேயோ இடம்பெயர்ந்து போயிருந்தார். குருவானவர் விறகு எடுத்துத் தந்தார். கோயிலில் மணி அடிக்கட்டுமா என்று என்னிடம் அனுமதி கேட்டார். அடியுங்கள் என்றேன். கொள்ளி வைக்கப் பிள்ளை இல்லையா என்று கேட்டார்கள். கொழும்பில் படிக்கிறான் என்றேன். நான்தான் வைத்தேன். தாய்க்குக் கடைசி மகன் செய்ய வேண்டியதைப் புருஷன் செய்தேன்.

உன்னிடமிருந்து மறைத்தது பிழைதான். நீயும் அங்கே தனியே. எழுத உட்காருவேன், கை வராது.

அவனிடம் சொல்லிவிடு. அவன் வெளியே வந்து நேரில் அறிய வேண்டாம். தாயிடம் சொல்ல என்று ஒவ்வொரு நாளும் வார்த்தை சேர்த்துக்கொண்டு இருப்பான். அது பாவம்.

அப்பா


வெள்ளவத்தை,
20.03.1996

அன்பின் அப்பா,

உங்கள் கடிதம் வந்து பல நாள் நான் எழும்பவில்லை. புளோறன்ஸ் அக்கா வந்து என்னைக் கொட்டாஞ்சேனைக்குத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். குளிக்க வார்த்தார், ஊட்டிவிட்டார். தன் வீட்டுச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் அம்மாவின் படத்தை வைத்து விளக்குக் கொளுத்தினார். "ஒங்க முறைக்கு என்ன செய்யணும் சொல்லு, நான் செஞ்சு தாறேன்" என்றார். மரக்கறி மட்டும் சமையுங்கள் அக்கா என்றேன். அந்த வீட்டில் எல்லோரும் மீனை நிறுத்திவிட்டார்கள்.

தம்பியிடம் போனேன். போகும் வழியெல்லாம் எப்படித் தொடங்குவது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். வலைக்கு அப்பால் வந்து நின்றவன் என் முகத்தைப் பார்த்தான். நான் பொட்டு வைத்திருந்தேன், நல்ல சேலைதான் கட்டியிருந்தேன். ஆனாலும் கண்டுபிடித்துவிட்டான்.

"அப்பாவோ, அம்மாவோ?" என்றான்.

சொன்னேன். நல்ல காது எந்தப் பக்கம் என்ற பதற்றத்தில் கேட்காத பக்கத்தில் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. "என்ன, என்ன?" என்று மற்றக் காதைத் திருப்பினான். மறுபடி சொல்ல வேண்டியதாயிற்று அப்பா. அம்மா செத்துப்போனார் என்று என் வாயால் இரண்டு தரம், இரண்டாம் தரம் சத்தமாக. பக்கத்தில் நின்றவர்களெல்லாம் கதைப்பதை நிறுத்திவிட்டார்கள்.

அழவில்லை. எப்ப என்றான். நவம்பர் என்றேன். விரல்களால் வலையைப் பிடித்துக்கொண்டு, "நான் ஒவ்வொரு நாளும் அவவோட கதைச்சனான் அக்கா. மார்கழி முழுக்கக் கதைச்சனான்" என்றான். அதற்குள் நேரம் முடிந்துவிட்டதென்று கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

மற்றக் கிழமை போனேன். முதலில் அடையாளம் தெரியவில்லை. மொட்டைத் தலை. மீசையும் இல்லை. பத்து வயதுப் பிள்ளை மாதிரி நின்றான். அங்கே முடி வெட்டுகிறவன் ஒரு சிங்களக் கைதியாம். ஏன் தம்பி முழுக்க எடுக்கச் சொல்கிறாய் என்று கேட்டானாம். தம்பிக்கு "அம்மா நெத்தி வுணா" என்று சொல்ல வேண்டி வந்ததாம். "அம்மா இல்லை எண்டு நான் முதல் முதல் சொன்னது சிங்களத்தில அக்கா" என்றான். அந்த மனுஷன் கத்தியை ஒருக்காக் கீழே வைத்துவிட்டானாம். பிறகு வலிக்காமல் மெல்ல மெல்ல எடுத்துவிட்டானாம். அதைச் சொல்லும்போதுதான் அழுதான். நானும் அழுதேன்.

நான் கொண்டு போன சோற்றை உள்ளே அனுப்பிவிட்டார்கள். அவர்கள் கிளறிப் பார்த்ததில் எல்லாக் கறியும் ஒன்றாகக் கலந்துவிட்டது. முதல் பிடியை எடுத்துக் காகத்துக்கு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவேன் என்றான். சிறைக்குள்ளும் காகம் வருகிறதாம்.

நீங்கள் கொள்ளி வைத்ததைச் சொன்னேன். மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு கேட்டான். அங்கிருந்து தமிழில் எழுதினால் கடிதம் வெளியே வர மாதக்கணக்காகும். அதனால் தன் பேரில் ஒரு வரி உங்களுக்கு எழுதச் சொன்னான். என்ன எழுத என்று கேட்டேன். யோசித்தான். கூட்டிக்கொண்டு போக ஆள் வந்து தோளில் கை வைத்த பிறகுதான், திரும்பி, வலைக்குக் கிட்ட வந்து சொன்னான். அவன் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அப்பா தனிய இருக்கிறார். நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கோ."

உங்கள் பிள்ளைகள்
அருந்ததி, வரதராசா